வக்கீலின் பதினோரு லட்சணங்கள்

கொல்லிமலை அடிவாரத்தில் உமையாள் அம்மையின் மடம் எங்கே என்று எந்த பஸ் கண்டக்டரைக் கேட்டாலும் சொல்வார். பெரிய மடமெல்லாம் இல்லை. ஓடு போட்ட நாலு அறை, ஒரு சிவலிங்கம், ஏழு பசுமாடு, வந்தவர்களுக்கு மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடு. அவ்வளவுதான்.

அம்மைக்கு நாற்பத்து மூன்று வயது. மடத்துக்கு வருமுன் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். அந்தப் பழக்கமோ என்னமோ, பேச்சில் ஓர் எழுத்துகூட அதிகமாக விழாது.

அவருடைய சீடர்களில் மூத்தவர் வக்கீல் சிவக்கொழுந்து. அறுபத்தாறு முடிந்துவிட்டது. குருவைவிட இருபத்து மூன்று வயது பெரிய சீடர். யாராவது அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால், ஜட்ஜ் சின்ன வயசுக்காரர் என்று நாம் எழுந்து நிற்காமல் இருக்கிறோமா என்று கேட்பார். முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் நின்ற மனுஷன். கறுப்புக் கோட்டைத்தான் கழற்றினார், வக்கீல் புத்தியைக் கழற்றவில்லை. சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட இரண்டு முன்னுதாரணம் காட்டித்தான் சொல்வார். சமையல் செய்கிற மரகதத்துக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். அதே சமயம் அவர் ஒரு நாள் பந்திக்கு வராவிட்டால் இரண்டு தடவை எட்டிப் பார்ப்பதும் அவள்தான்.

ஒரு நாள் காலைப் பூஜை முடிந்து, அம்மை திருநீறு சலித்துக்கொண்டிருந்தார். அந்த மடத்தில் கடைத் திருநீறு வாங்குவதில்லை. சாணத்தை உருட்டிக் காயவைத்து, உமி போட்டு மூடி எரித்து, வேட்டித் துணியில் சலித்து எடுப்பார்கள். வக்கீல் எதிரே போய் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். சாமியே இல்லைங்கிறாங்களே நாத்திகம், மனுஷனுக்கு மனுஷன் போதும்ங்கிறாங்களே மனிதநேயம், அதுவும் ஒரு மதம்தானே?"

"எதுக்குக் கேக்கிறீங்க?"

"சும்மா. தத்துவ விசாரணைதான்."

"அப்ப அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு அம்மை சலிக்கிற வேலையைப் பார்த்தார்.

வக்கீல் விடுகிற ஆளா? மறுநாள் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். ஒரு வாரத்தில் மடம் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. அவர்களுக்கும் ஒரு தலைவர் இருக்கிறார், நூல் இருக்கிறது, கூட்டம் போடுகிற நாள் இருக்கிறது, தாலி இல்லாமல் உறுதிமொழி சொல்லிக் கல்யாணம் பண்ணுகிற சடங்கு இருக்கிறது, செத்த தலைவருக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், மதத்துக்கு இன்னும் என்ன வேண்டும் என்று மாட்டுத் தொழுவத்தில்கூட நின்று வாதாடினார். மாடுகள் மறுத்துப் பேசவில்லை.

மரகதம்தான் பேசினாள். "பட்டினி கிடக்கிறதும் ஒரு சாப்பாடா, வக்கீலய்யா?"

"பிரதோஷத்துக்குப் பட்டினி கிடக்கிறோமே, அது மதத்தில சேத்தி இல்லையா?"

"அது பொழுது சாய்ஞ்சா சோறு உண்டுன்னு தெரிஞ்சு கிடக்கிறது," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

இது தத்துவ விசாரணை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். வக்கீலின் சட்டைப் பையில் ஒரு போஸ்ட் கார்டு இருந்தது. உட்காரும்போது ஒரு தடவை, எழுந்திருக்கும்போது ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். எழுதியது அவருடைய ஒரே மகள் மங்கையர்க்கரசி. சைவக் குடும்பத்தில் ஆசையாக வைத்த பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவள் இருபது வயதிலேயே சாமி இல்லை என்று சொல்லிவிட்டாள். நர்ஸ் வேலைக்குப் படித்தாள். துறையூர்ப் பக்கம் ஓர் இல்லத்தில், பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் கைவிடப்பட்டுச் சித்தம் கலங்கித் திரிகிறவர்களைக் கூட்டிவந்து வைத்துப் பார்த்துக்கொள்கிறாள்.

அப்பாவும் மகளும் அதற்காகச் சண்டை போட்டதுண்டு, பேசாமல் இருந்ததுண்டு. நடுவில் தையல்நாயகி என்று ஒருத்தி இருந்தாள், வக்கீலின் மனைவி. அவள் இருந்தவரை எந்தச் சண்டையும் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாண்டியதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் போய்ச் சேர்ந்தாள். செய்தி கேட்டு மகள் ஓடிவந்தாள். வக்கீல் வாசலில் திருநீற்றுத் தட்டோடு நின்றார். துக்கமும் கோபமும் சேர்ந்துகொண்டால் மனுஷன் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரியாது. பூசிக்கொண்டு உள்ளே வா என்றார். மாட்டேம்ப்பா, அம்மா முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன் என்றாள். பூசாத நெற்றிக்கு இந்த வாசலுக்குள் இடமில்லை என்று சொல்லிவிட்டார். சொந்தபந்தம் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவள் எதிர் வீட்டு முருங்கை மரத்தடியில் நாலு மணி நேரம் வெயிலில் நின்றாள். பாடை தெருவைத் தாண்டும்போது அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இந்தக் கார்டுதான்.

"அம்மாவின் நினைவு நாள் பத்தாம் தேதி. இங்கே எல்லாருக்கும் சாப்பாடு போடுகிறேன். முடிந்தால் வாங்க. மங்கை."

கார்டு வந்த அன்று வக்கீல் முதலில் சொன்னது என்ன தெரியுமா? தேதி தப்பு என்றார். திதிப்படி திவசம் பன்னிரண்டு நாளைக்கு முன்பே கொடுத்தாகிவிட்டது, இங்கிலீஷ் தேதிக்கு யார் திவசம் கொடுப்பார்கள் என்றார். சொல்லிவிட்டுக் கார்டைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். கல்லுக்குள் ஈரம் இல்லாமலா போகும்.

ஏழாம் தேதி காலையில் அவரால் தாங்க முடியவில்லை. அம்மையின் முன்னால் போய்க் கார்டை எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். சாமிக்குப் படைக்காத சோற்றைச் செத்தவள் பெயரால் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார்.

"மதம்னு நான் சொல்லிட்டா?" என்றார் அம்மை.

"போவேன்மா. பாய் வீட்டு நோன்புக் கஞ்சி குடிக்கிறேன். சேவியர் வீட்டுக் கேக்கு சாப்பிடறேன். அது அவங்க மதம்னு மதிச்சுத்தானே? அதே மாதிரி இங்கயும் போய் உக்காந்துடுவேன்."

"இல்லன்னு சொல்லிட்டா?"

வக்கீல் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாட்சியப் பாக்காம தீர்ப்பு எழுதச் சொல்றீங்களே," என்றார் அம்மை. "நான் அதைக் கண்ணால பாத்ததில்ல. நாளைக்குப் புறப்படுங்க. இருந்து பாத்து எழுதிக்கிட்டு பதினொண்ணாந்தேதி வாங்க. அப்புறம் சொல்றேன்."

வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தகராறுள்ள நிலத்தைப் பார்த்துவரக் கோர்ட்டில் கமிஷனர் போடுவார்களே, அந்த மாதிரி. அப்பனாகப் போக வேண்டாம், கமிஷனராகப் போனால் போதும். ஒரு பாக்கெட் நோட்டு வாங்கிக்கொண்டார். தீர்ப்பு வரும்வரை அந்த வீட்டுச் சோற்றைத் தொடுவதில்லை என்று மூன்று நாளைக்கு வேண்டிய அவலும் வெல்லமும் கட்டிக்கொண்டார். மரகதம் அதைப் பார்த்துவிட்டு, மகள் வீட்டுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற முதல் அப்பன் நீங்கதான் என்றாள்.

புறப்படும்போது அம்மை ஒரு கனமான பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். மங்கையிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மோந்து பார்த்தால் மடத்துத் திருநீறு. எந்தத் திருநீற்றைக் காட்டி அவளை வெளியே நிறுத்தினாரோ, அதையே மறுபடியும் கையில் ஏந்திக்கொண்டு போவதா? தெருவில் வீசி எறிந்துவிடுவாளோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே போனார்.

இல்லத்து வாசலிலேயே மங்கை நின்றாள். தலையில் நரை விழுந்திருந்தது. அவருக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. என்ன பேசுவது என்று தெரியாமல் பொட்டலத்தை நீட்டினார்.

அவள் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அட, நீங்களே கொண்டாந்துட்டீங்களாப்பா. தபால்ல வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன். நேத்தோட தீந்துபோச்சு."

விஷயம் இதுதான். இல்லத்தில் மாசிலாமணி என்று ஒரு பெரியவர். பக்கவாதத்தில் இரண்டு கையும் விழுந்து, வாயும் குழறிவிட்டது. குளித்ததும் நெற்றியில் நீறு விழாவிட்டால் குழந்தை மாதிரி அழுவார். கடையில் வாங்கிப் பூசினார்கள். அது வெறும் சுண்ணாம்புப் பொடி, தோல் வெந்துபோயிற்று. மங்கை நாலு இடம் விசாரித்துவிட்டு மடத்துக்கு ஒரு கார்டு எழுதினாள். மூன்று வருஷமாக மாசா மாசம் அம்மை அனுப்புகிறார், மரகதம் தபாலில் சேர்க்கிறாள். அந்த மடத்திலேயே குந்தியிருக்கிற வக்கீலுக்கு மட்டும் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் கமிஷனர் வேலையைத் தொடங்கினார். ஆறு மணிக்கு எல்லாரையும் முற்றத்தில் கூட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஊரும் பேரும் மறந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த பேரை வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தனக்குக் கலெக்டர் என்று பேர் வைத்துக்கொண்டிருந்தார். கலெக்டர் என்று கூப்பிட்டால் கம்பீரமாகக் கையைத் தூக்கினார். வக்கீல் நோட்டில் எழுதினார்: நித்திய வழிபாடு, உண்டு. நாமகரணச் சடங்கு, உண்டு. ஆபீசில் ஒரு டாக்டரின் படம், இல்லத்தைத் தொடங்கினவராம். ஸ்தாபகர், உண்டு. கடைசி ஆள் குளித்து முடிக்கிறவரை மங்கை ஒரு வாய்க் காப்பிகூடக் குடிப்பதில்லை. விரதம், உண்டு. வேலைக்குச் சேர்கிறவர்கள் யாரிடமும் சாதி கேட்கமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் சேர வேண்டும். தீட்சை, உண்டு.

எழுத எழுத அவருக்கு உற்சாகம். கேஸ் தானாக ஜெயித்துக்கொண்டிருந்தது.

மேஜைமேல் பெரிய நோட்டு ஒன்று கிடந்தது. யாருக்கு எது பிடிக்கும், யாருக்கு எதைக் கண்டால் பயம், யாரை எந்தப் பக்கமாகப் படுக்கவைத்தால் தூங்குவார் என்று ஒவ்வொரு பேருக்கும் ஒரு பக்கம். எந்தச் சந்தேகம் வந்தாலும் எல்லாரும் அதைத்தான் ஓடிவந்து புரட்டுகிறார்கள். வக்கீல் மகளைக் கூப்பிட்டு, இதுதான் உங்கள் வேதமா என்று பெருமையாகக் கேட்டார்.

"வேதமெல்லாம் இல்லப்பா. இதைத் தினம் அடிச்சு அடிச்சு எழுதுவோம்," என்றாள். பிரித்துக் காட்டினாள். பாதிப் பக்கம் அடித்தல்தான். நேற்று மாதிரி இன்றைக்கு ஆள் இருப்பதில்லையே என்றாள். வக்கீல் கொஞ்சம் யோசித்துவிட்டு, நூல் உண்டு, திருத்தத்துக்கு உட்பட்டது என்று எழுதிக்கொண்டார்.

மத்தியானப் பந்தியில்தான் மாட்டிக்கொண்டார். ஆள் குறைவாக இருந்ததால் தானே சோறு பரிமாறுகிறேன் என்று வாளியைத் தூக்கினார். பூவாயி என்று ஒரு கிழவி. மடியில் துணி சுற்றிய அரைச் செங்கல் ஒன்று வைத்திருப்பாள். அதுதான் அவளுடைய மாரியாத்தா. பக்கத்திலேயே அதற்கும் ஒரு சின்ன இலை போட்டிருந்தது. வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. செங்கல்லுக்குச் சோறா என்று அந்த இலையைத் தாண்டிப் போய்விட்டார்.

பூவாயி தன் இலையைத் தூக்கி வீசினாள். தலையைச் சுவரில் மோதிக்கொண்டு அலறினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் அழ ஆரம்பித்தார்கள். மங்கை ஓடிவந்து அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை வைத்தாள். இரண்டு மூன்று மோதல் அந்தக் கைமேல் விழுந்தது. கொஞ்சம் அடங்கியதும் செங்கல்லைத் துடைத்து, அதன் இலையில் ஒரு கரண்டிச் சோறு வைத்து, ஆத்தாளுக்கு வெச்சாச்சு, இப்ப நீ சாப்பிடு என்றாள். கிழவி சாப்பிட்டாள்.

வக்கீல் வாளியைக் கீழே வைத்தார். சாமி இல்லை என்கிறவள் சாமிக்குச் சோறு போட்டாள், சாமி உண்டு என்கிறவர் அதைப் பட்டினி போட்டுவிட்டார்.

"அது சாப்பிடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"தெரியும்பா. ஆனா இவ சாப்பிடணுமே. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும்." கை வீங்கியிருந்தது. அதோடேயே அடுத்த பந்திக்கு இலை போடப் போய்விட்டாள். அவருக்கு அந்தக் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆறு வருஷத்துப் பழக்கம், கை நீளவில்லை.

சாயங்காலம் மாசிலாமணிக்குக் குளிப்பாட்டு. வக்கீல் கதவோரம் நின்று பார்த்தார். மங்கை அவருக்கு வேட்டி கட்டிவிட்டாள். டப்பாவைத் திறந்து, மூன்று விரலில் திருநீறு எடுத்து, நெற்றியில் மூன்று கோடு நேராக இழுத்தாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வக்கீல் விரலைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த அதே இழுப்பு. பெரியவருக்குச் சொல்ல வராது என்பதால் அவளே அவர் காதருகில் சிவ சிவ என்றாள். அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதி. மடத்தில் பத்து வருஷம் உட்கார்ந்தும் தனக்கு அது வாய்க்கவில்லையே என்று வக்கீலுக்கு ஏக்கமாகக்கூட இருந்தது.

மங்கை விரலைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"பெத்த அம்மாவுக்காக ஒரு கோடு பூசிக்க மாட்டேன்னியே. இவருக்குத் தினமும் பூசறியேம்மா."

"அது அவர் நெத்திப்பா," என்றாள். "இது என் நெத்தி."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். அவர் அதை நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

பத்தாம் தேதி விடிந்தது. தையல்நாயகியின் படத்தை ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். மாலையில்லை, விளக்கில்லை. அடுப்பில் எல்லாம் அவளுக்குப் பிடித்த சமையல். புளியோதரை, வாழைப்பூ வடை, வெல்லப் பாயசம். எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் மங்கை படத்துப் பக்கத்தில் நின்று நாலு வார்த்தை பேசினாள். இது எங்க அம்மா, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுவாங்க, அதனால இன்னிக்கு எல்லாருக்கும் சாப்பாடு என்றாள். கலெக்டர் எழுந்து நின்று படத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். வக்கீல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆயிரம் திவச மந்திரம் கேட்டவர்தான். அவள் இன்ன மாதிரி மனுஷி என்று ஒரு மந்திரமும் சொன்னதில்லை.

படத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஓர் இலை போட்டிருந்தது.

அவர் மகளைத் தனியே கூப்பிட்டார். கையில் நோட்டு. அவளுக்கு ஒரு பெரிய பரிசு கொடுக்கப்போவதாகவே அந்த மனுஷர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"மங்கை, பதினோரு லட்சணம் கிடைச்சிருக்கு. உங்களோடதும் ஒரு மதம்தான்னு அம்மை நாளைக்குச் சொல்லிடுவாங்க. அப்புறம் உனக்கும் எனக்கும் நடுவில ஒண்ணுமில்லம்மா."

அவள் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"மதம்னு தீர்ப்பு ஆகியிருந்தா, அன்னிக்கு என்னை உள்ள விட்டிருப்பீங்களாப்பா?"

அவர் பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. சாப்பாடு ஆறுது, உக்காருங்க என்றாள்.

அவர் உட்காரவில்லை. தீர்ப்பு வராமல் சாப்பிடுவது முறையில்லை என்று ஏதோ முணுமுணுத்தார். உண்மையைச் சொன்னால் அது முறையுமில்லை, கொள்கையுமில்லை. வெட்கம். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார அவருக்கு முகமில்லை.

மங்கை உள்ளே போய் ஒரு டப்பாவில் புளியோதரையை அழுத்தி நிரப்பி, மேலே இரண்டு வடை வைத்துக் கொண்டுவந்து அவர் பையில் போட்டாள். நாளைக்கு வரைக்கும் கெடாது, தீர்ப்பு வந்ததும் சாப்பிடுங்க என்றாள். கிண்டல் இல்லை. பஸ் வரும்வரை கூடவே நின்றாள்.

ராத்திரி மடத்துக்கு வந்து படுத்தவர், பதினோராம் தேதி காலை அம்மையைத் தேடிப் போனார். அம்மை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வக்கீல் குளித்து நீறு பூசி வந்து, நோட்டைப் பிரித்துப் பதினோரு லட்சணத்தையும் ஒன்றுவிடாமல் வாசித்தார். குரலில் பழைய எடுப்பு இல்லை. அம்மை முழுக்கக் கேட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"தீர்ப்பு வரலையே."

அம்மையின் முகம் அப்படி இறுகி அந்த மடத்தில் யாரும் பார்த்ததில்லை. வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். வீங்கின கையைச் சொன்னார், மாசிலாமணியின் நெற்றியைச் சொன்னார், மகள் கேட்ட அந்தக் கேள்வியைச் சொன்னார்.

"விட்டிருக்க மாட்டேம்மா," என்றார். "மதம்னு தீர்ப்பாகியிருந்தாலும் அன்னிக்கு விட்டிருக்க மாட்டேன். வேற காரணம் தேடியிருப்பேன். எனக்கு அவ தோத்துப்போகணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அறுபத்தாறு வயது மனுஷர் தேம்பித் தேம்பி அழுதார். அம்மை தடுக்கவில்லை, தேற்றவுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அழுகை ஓய்ந்தபோது வக்கீல் பையை இழுத்து, டப்பாவை எடுத்துத் திறந்தார். யாரையும் அனுமதி கேட்கவில்லை. ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். தையல்நாயகி செய்கிற பக்குவம் அப்படியே இருந்தது, அவள் போடுகிற மாதிரியே வெந்தயம் ஒரு சிட்டிகை தூக்கலாக. அழுதுகொண்டே ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். மரகதம் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாய் பேசாமல் போனாள். அவள் வாய் பேசாமல் போனது அதுதான் முதல் தடவை.

கையைக் கழுவி, டப்பாவையும் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வக்கீல் வந்து நின்றார்.

"பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் போறேம்மா. டப்பாவைத் திருப்பிக் குடுக்கணும்."

"தீர்ப்பு வேண்டாமா?"

"எப்படி வந்தாலும் போகத்தான் போறேன். அவங்க அம்மா போன அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னு அவ முகத்தைப் பாத்துச் சொல்லணும். அது ஒண்ணுதான் வேலை." கொஞ்சம் தயங்கினார். பழைய புத்தி எங்கே போகும்? "ஆனாலும் கேஸைத் தாக்கல் பண்ணிட்டேன். தள்ளுபடின்னாவது சொல்லிடுங்க."

அம்மை நோட்டைக் கேட்டு வாங்கினார். ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார்.

"பதினொண்ணும் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஒண்ணு விட்டுப்போச்சே."

"எது?"

"அவங்க யாரை வாசலுக்கு வெளிய நிறுத்தி வெச்சிருக்காங்க?"

வக்கீல் கண்ணை மூடி யோசித்தார். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார்.

"யாரையும் இல்லம்மா," என்றார். "என்னையே உள்ள விட்டாங்க."

அம்மை நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப அது இன்னும் மதமாகல, வக்கீலய்யா."